மென்பொருள் ஆவணப் பிழைதிருத்தம்

மென்பொருள் ஆவணப் பிழைதிருத்தம் என்பது, திறந்த மூல மென்பொருட்களின் கையேடுகளிலும் உதவிப் பக்கங்களிலும் காணப்படும் சிறு தகவற் பிழைகளைக் கண்டறிந்து, சரிபார்த்து, திருத்தும் பணி ஆகும். எழுத்துப் பிழை, தவறான எண், காலாவதியான கட்டளை, சொல்லப்படாமல் விடுபட்ட நிபந்தனை முதலியன இதில் அடங்கும். மூலநிரலைப் போலவே ஆவணமும் எவரும் படிக்கவும் மாற்றவும் கூடியதாக இருப்பதால், நிரலெழுதத் தெரியாத பயனரும் இப்பணியில் பங்கெடுக்க இயலும். திறந்த மூலத் திட்டங்களில் புதிதாகச் சேர்வோர் பலருடைய முதற் பங்களிப்பு இத்தகைய ஒற்றை வரித் திருத்தமாகவே அமைகிறது.

பின்னணி

யுனிக்சு இயங்குதளத்தின் முதற் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம், அப்பக்கத்தின் இறுதியில் அறியப்பட்ட வழுக்களைத் தெரிவிக்கும் ஒரு பகுதி என்ற அமைப்பு அக்கையேட்டிலேயே காணப்படுகிறது. தன் குறையைத் தானே எழுதிவைக்கும் இவ்வழக்கம் பின்னர் லினக்சின் "மேன் பக்கங்கள்" எனப்படும் கையேட்டுப் பக்கங்களுக்கும் வந்து சேர்ந்தது.

லினக்சு மேன் பக்கங்கள் திட்டம் 1993 இல் தொடங்கியது. கருனியின் முறைமை அழைப்புகளையும் சி நிரலகத்தின் செயற்கூறுகளையும் விளக்குவது இதன் முதன்மைப் பணி. ரிக் ஃபெயித், ஆண்ட்ரீசு பிரவுவர் ஆகியோருக்குப் பின், 2004 இல் மைக்கேல் கெரிசுக் இதன் பராமரிப்பாளர் ஆனார். 2020 இல் அலெகாந்திரோ கொலோமார் அவருடன் இணைந்து, பின்னர் முழுப் பொறுப்பையும் ஏற்றார்.

திருத்தம் செய்யும் முறை

ஆவணத்தில் ஒரு கூற்று தவறெனத் தோன்றினால், அதை மூன்று இடங்களில் ஒப்புநோக்குவது வழக்கம்: மூலநிரல், தொடர்புடைய தரநிலை (பெரும்பாலும் போசிக்சு), இயக்கிப் பார்க்கக்கூடிய ஒரு சிறு சோதனை நிரல். மூன்றும் ஒன்றையே சொன்னால் திருத்தம் எளிது. அவை முரண்படும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. நிரல் தவறா, தரநிலை தவறா, ஆவணம் தவறா என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

அவ்வாறான ஒன்று, இரு செயலாக்கங்கள் ஒரே திறந்த கோப்பில் ஒரே வேளையில் எழுதும் சூழல் பற்றியது. கோப்பில் எழுதும் இடத்தைக் குறிக்கும் சுட்டு இடையூறின்றி நகர வேண்டும் என்று தரநிலை கூறுகிறது. லினக்சோ அவ்வாறு செய்யவில்லை. ஒருவர் எழுதியதன் மேல் மற்றவர் எழுதிவிட வாய்ப்பிருந்தது. இங்கு திருத்தப்பட்டது கருனியே. 2014 இல் வெளிவந்த லினக்சு 3.14 இப்பிழையை நீக்கியது. எனினும் "ரைட்" என்னும் முறைமை அழைப்பின் கையேட்டுப் பக்கம், 3.14 க்கு முன்னர் நிலைமை வேறாக இருந்தது என்பதை இன்றும் குறிப்பிடுகிறது. பழைய பதிப்பை இயக்குவோர் இருக்கும்வரை பழைய செய்தியும் தேவை. ஆகவே நல்ல திருத்தம் பல வேளைகளில் அழிப்பதில்லை, பதிப்பு எண்ணுடன் சேர்க்கிறது.

சரிபார்த்த பின் மாற்றம் "ஒட்டு" எனப்படும் வேறுபாட்டுக் கோப்பாக அனுப்பப்படும். ஓர் ஒட்டில் ஒரு பிழையை மட்டுமே திருத்த வேண்டும், எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்பதையும் எழுத வேண்டும் என்று பராமரிப்பாளர்கள் கேட்பர். பிழையைச் சுட்டிக்காட்டியவரின் பெயரும் மாற்றக் குறிப்பில் பதிவாகும்.

61 ஆம் நொடி

சிறு பிழை எவ்வளவு தூரம் பயணிக்கும் என்பதற்கு சி மொழியின் நேரக் கட்டமைப்பு நல்ல எடுத்துக்காட்டு. 1989 ஆம் ஆண்டுத் தரநிலை, நொடியின் மதிப்பு 0 முதல் 61 வரை இருக்கலாம் என்றது. லீப் நொடி சேர்க்கப்படும் நிமிடத்தில் 61 நொடிகள் உண்டு. எண்ணிக்கை 0 இல் தொடங்குவதால் கடைசி நொடியின் எண் 60 மட்டுமே. ஒரே நிமிடத்தில் இரண்டு லீப் நொடிகள் வரக்கூடும் என்ற தவறான எண்ணமே 61 க்குக் காரணம். 1972 முதல் 2016 இறுதிவரை 27 லீப் நொடிகள் சேர்க்கப்பட்டன. இரட்டையாக ஒன்றும் வரவில்லை, விதிகளில் அதற்கு இடமும் இல்லை. 1999 ஆம் ஆண்டு சி தரநிலை எண்ணை 60 ஆகத் திருத்தியது. லினக்சு கையேடும் 60 என்றே கூறுகிறது.

பைத்தான் மொழியின் ஆவணத்தில் 61 இன்றும் உள்ளது. அது பிழையன்று. வரலாற்றுக் காரணத்தால் 61 ஏற்கப்படுகிறது என்ற விளக்கம் அங்கேயே தரப்பட்டுள்ளது. நிரல் அவ்வெண்ணை ஏற்கும்வரை ஆவணம் அதைச் சொல்லியே ஆகவேண்டும். வானியலின்படி எது சரி என்பதைவிட நிரல் எதைச் செய்கிறது என்பதே ஆவணத்தின் பொருள்; புதிதாகத் திருத்த வருவோர் அடிக்கடி தவறவிடும் வேறுபாடு இது.

விடுபட்ட செய்தியின் விலை

எழுதியது தவறாக இல்லாமல், எழுதாமல் விட்டதால் விளைந்த சிக்கலும் உண்டு. "எஃப்சிங்க்" என்னும் முறைமை அழைப்பு, நினைவகத்திலுள்ள தரவை வட்டில் எழுதி முடிக்குமாறு கருனியைக் கேட்கிறது. எழுதுதல் தோல்வியுற்றால் பிழை திரும்பும். அதன்பின் அத்தரவு என்னவாகும் என்பதைக் கையேடு தெளிவாகச் சொல்லவில்லை. மீண்டும் அழைத்தால் மீண்டும் எழுத முயலும் என்றே போசுகிரெசு தரவுத்தளத்தை உருவாக்கியோர் கருதியிருந்தனர். உண்மையில் லினக்சு, தோல்வியுற்ற பக்கங்களையும் எழுதி முடித்தவையாகக் குறித்துவிடக்கூடும். இரண்டாம் அழைப்பு வெற்றி என்று திரும்பும், தரவோ வட்டில் இராது. 2018 இல் இது வெளிப்பட்டபோது கருனி வல்லுநர்களுக்கும் தரவுத்தள வல்லுநர்களுக்கும் இடையே நீண்ட விவாதம் நிகழ்ந்தது. 2019 பெப்ரவரியில் வெளிவந்த போசுகிரெசு பதிப்புகள், இத்தகைய பிழை நேர்ந்தால் மறுபடி முயலாமல் உடனே நின்று, தமது பதிவேட்டிலிருந்து தரவை மீட்கும்படி மாற்றப்பட்டன.

உரிமமும் மொழிபெயர்ப்பும்

திருத்துவதற்குச் சட்டப்படி உரிமையும் வேண்டும். நிரல் கட்டற்றதாக இருந்து கையேடு பூட்டப்பட்டிருந்தால், நிரலை மாற்றியவரால் கையேட்டை அதற்கேற்ப மாற்ற முடியாது. இதற்காக 2000 இல் குனூ கட்டற்ற ஆவண உரிமம் வெளியிடப்பட்டது. முரணாக, அவ்வுரிமமே மாற்றக்கூடாத பகுதிகளைச் சேர்க்க இடமளித்தது. அப்பகுதிகளைக் கொண்ட ஆவணங்கள் கட்டற்றவை அல்ல என்று டெபியன் திட்டம் 2006 இல் வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்தது. ஈமாக்சு கையேடு கட்டற்றதல்லாத பிரிவுக்கு மாற்றப்பட்டது.

மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சிறு திருத்தம் எப்போதும் சிறியதன்று. கெட்டெக்சுட்டு முறையில், ஆங்கில மூலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வரியின் மொழிபெயர்ப்புகள் அனைத்தும் ஐயத்திற்குரியவையாகக் குறிக்கப்பட்டு, மீண்டும் உறுதிசெய்யப்படும்வரை பயன்படாமற் போகும். க்னோம் போன்ற திட்டங்கள் வெளியீட்டுக்கு முன் சில வாரங்கள் சொற்றொடர்களை மாற்றத் தடைவிதிப்பது இதனாலேயே.

வெகுமதியும் உழைப்பும்

பிழை சுட்டுவோருக்குப் பரிசளித்தவர்களுள் டெக்கு அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கிய டொனால்ட் நூத் பெயர்பெற்றவர். தம் நூல்களில் ஒரு பிழையை முதலில் கண்டறிபவருக்கு 2.56 டாலர் வழங்குவார்; 256 சதம் என்பது பதினாறடிமானத்தில் ஒரு டாலர் என்பது அவர் விளக்கம். பெற்றோர் பலர் காசோலையை மாற்றாமல் சட்டமிட்டு மாட்டி வைத்தனர். வங்கி மோசடி அச்சத்தால் 2008 முதல் கற்பனை வங்கி ஒன்றின் சான்றிதழை அவர் அனுப்பி வருகிறார்.

பெரும்பாலான திட்டங்களில் பெயர்ப் பதிவைத் தவிர வேறு வெகுமதி இல்லை. வந்து சேரும் ஒவ்வோர் ஒற்றை வரித் திருத்தத்தையும் ஒருவர் மூலநிரலுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருப்பதால், சுமை பராமரிப்பாளர் மீதே விழுகிறது. 2024 செப்டம்பரில் கொலோமார், ஊதியமின்றி இனித் தொடர இயலாது என அறிவித்து லினக்சு மேன் பக்கங்களின் பராமரிப்பை இடைநிறுத்தினார். பின்னர் சில நிறுவனங்கள் நிதியளிக்க முன்வந்ததையடுத்துப் பணி மீண்டும் தொடங்கியது.