தமிழ்நாட்டு வீட்டுச் சமையலில் அயல்நாட்டு முட்டை உணவுகள்

அயல்நாட்டு முட்டை உணவுகள் என்பன, பிற நாடுகளில் தோன்றித் தமிழ்நாட்டு வீடுகளிலும் சமைக்கப்படும் கோழிமுட்டை உணவுகளைக் குறிக்கும். இவற்றுள் ஆம்லெட் போன்றவை நெடுங்காலமாகத் தமிழ்நாட்டில் வழங்கி வருகின்றன. சக்சூக்கா, சவான்முசி போன்றவை அண்மைக் காலத்தில் அறிமுகமானவை. இவற்றுள் பெரும்பாலானவற்றைச் செய்ய வெதுப்படுப்போ சிறப்புக் கருவிகளோ தேவையில்லை. இரும்புத் தோசைக்கல், வாணலி, இட்லிப் பானை ஆகியவையே போதுமானவை. முட்டை எந்த வெப்பநிலையில் உறைகிறது என்பதை அறிந்து சமைத்தலே முதன்மையானது.

பின்னணி

நாமக்கல் மாவட்டம் இந்தியாவின் முக்கிய முட்டை உற்பத்தி மையங்களுள் ஒன்றாகும். தமிழ்நாட்டில் பள்ளிச் சத்துணவுத் திட்டத்தில் 1989 ஆம் ஆண்டு முதல் முட்டை வழங்கப்பட்டு வருகிறது. சுமார் 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும் 70 கிலோகலோரி ஆற்றலும் உள்ளன. இறைச்சி, மீன் ஆகியவற்றுடன் ஒப்பிடும்போது விலை குறைவு என்பதால், பல குடும்பங்களில் அன்றாடப் புரத உணவாக முட்டையே விளங்குகிறது.

செங்கல்பட்டு - மாமல்லபுரம் கடற்கரை

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. இம்மாவட்டத்திலுள்ள மாமல்லபுரத்தின் சின்னங்கள் 1984 ஆம் ஆண்டு யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. இங்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஒத்தவாடைத் தெரு முதலிய இடங்களில் உணவகங்கள் உள்ளன. ஆம்லெட், பான்கேக் போன்ற முட்டை உணவுகள் இத்தகைய உணவகங்களில் வழக்கமான காலை உணவுகளாகும். 2022 ஆம் ஆண்டு சூலை 28 முதல் ஆகத்து 10 வரை மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாடில் 180 இற்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் பங்கேற்றன.

இக்கடற்கரையில் இறால் கிடைப்பதால், இறால் சேர்த்துச் செய்யும் அயல்நாட்டு முட்டை உணவுகளை இங்குள்ள வீடுகளில் எளிதாகச் சமைக்கலாம்.

முன்னரே வந்து சேர்ந்தவை

* ஆம்லெட்: பெயர் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பிரெஞ்சு முறையில் இது நிறம் மாறாமல், உட்புறம் மென்மையாக இருக்கும்படி மடிக்கப்படுகிறது. தமிழ்நாட்டு ஆம்லெட் வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து இருபுறமும் சிவக்க வேகவைக்கப்படுகிறது. கொங்கு நாட்டுக் கலக்கி, மென்மையில் பிரெஞ்சு முறையை ஒத்தது.
* ஆஃப்பாயில்: பெயர் அரைவேக்காடாக அவித்த முட்டையைச் சுட்டினாலும், தமிழ்நாட்டில் இது கல்லில் ஒருபுறம் மட்டும் பொரித்த முட்டையையே குறிக்கும்.
* பர்மிய முட்டை மசாலா: 1962 ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சிக்குப் பின்னர் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் அத்தோ முதலிய உணவுகளைச் சென்னையில் பரப்பினர். அத்தோ கடைகளில் அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், புளிநீர் ஆகியவற்றை உள்ளே வைத்துக் கொடுப்பர்.
* வட்டிலப்பம்: முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது வெல்லம் கலந்து ஆவியில் வேகவைக்கும் இனிப்பு. இலங்கை முசுலிம்களிடையே புகழ்பெற்றது. காயல்பட்டினத்திலும் செய்யப்படுகிறது.

முட்டை உறையும் முறை

முட்டையின் வெண்கரு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் தடிக்கத் தொடங்கி, 80 பாகையளவில் நன்கு இறுகுகிறது. மஞ்சள்கரு 65 பாகையில் தடித்து 70 பாகையில் உறைகிறது. பால் அல்லது சாறு சேர்த்த கலவை 80 பாகையை அண்மித்தே உறையும். இதற்கு மேலும் சூடேற்றினால் புரத வலை சுருங்கி நீரை வெளியேற்றுகிறது. ஆம்லெட் இரப்பர் போலாவதற்கும், ஆவியில் வைத்த முட்டையில் துளைகள் விழுவதற்கும் இதுவே காரணம். எனவே பெரும்பாலான முட்டை உணவுகளுக்குச் சிறு தீயே ஏற்றது.

செய்முறைகள்

1. சக்சூக்கா (வட ஆப்பிரிக்கா)

தேவையான பொருட்கள்: முட்டை 3, தக்காளி 4, பெரிய வெங்காயம் 1, குடைமிளகாய் 1, பூண்டு 4 பல், சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, எண்ணெய், உப்பு.

எண்ணெயில் சீரகம், வெங்காயம், குடைமிளகாய், பூண்டு ஆகியவற்றை வதக்கவும். தக்காளி, மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துக் குழையும் வரை வேகவிடவும். கரண்டியால் மூன்று குழிகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மூடி, சிறு தீயில் 6 முதல் 8 நிமிடங்கள் வைக்கவும். தமிழ்நாட்டில் கொதிக்கும் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றிச் செய்யும் முட்டைக் குழம்பும் இதே நுட்பத்தையே பயன்படுத்துகிறது.

2. டோர்ட்டில்லா (எசுப்பானியா)

தேவையான பொருட்கள்: முட்டை 4, உருளைக்கிழங்கு 300 கிராம், பெரிய வெங்காயம் 1, எண்ணெய், உப்பு.

உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, வெங்காயத்துடன் மிகுதியான எண்ணெயில், சிவக்காமல் மென்மையாகும் வரை சிறு தீயில் வேகவிடவும். எண்ணெயை வடித்து, ஆறிய கிழங்கை அடித்த முட்டையுடன் கலந்து 10 நிமிடம் ஊறவிடவும். சிறிது எண்ணெய் தடவிய வாணலியில் ஊற்றவும். அடிப்புறம் உறைந்ததும் ஒரு தட்டை மேலே கவிழ்த்துத் திருப்பி, மறுபுறத்தையும் வேகவிடவும். எசுப்பானியாவில் ஒலிவ எண்ணெய் பயன்படுகிறது. கடலை எண்ணெயும் ஏற்றதே.

3. சவான்முசி (சப்பான்)

தேவையான பொருட்கள்: முட்டை 2, ஆறவைத்த சாறு 300 மில்லிலீட்டர், உரித்த இறால் 4, உப்பு.

சப்பானில் கடற்பாசியும் உலர்ந்த மீன் சீவலும் கொண்டு சாறு தயாரிக்கப்படுகிறது. வீட்டில் இறாலின் தலை, ஓடு ஆகியவற்றை 20 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டிப் பயன்படுத்தலாம். முட்டைக்கும் சாற்றுக்கும் உள்ள விகிதம், கனவளவில் ஏறத்தாழ ஒன்றுக்கு மூன்று ஆகும். சாறு சூடாக இருந்தால் முட்டை திரிந்துவிடும். முட்டையை நுரைக்காமல் கலக்கி, சாறும் உப்பும் சேர்த்து வடிகட்டவும். நறுக்கிய இறாலைச் சிறு கிண்ணங்களில் இட்டு, கலவையை ஊற்றி மூடவும். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, கிண்ணங்களை உள்ளே வைத்து, பானை மூடியைச் சற்றே திறந்தபடி ஏறத்தாழ 15 நிமிடங்கள் வேகவைக்கவும். நடுவில் குத்தினால் தெளிந்த நீர் வரவேண்டும். இறாலும் ஒளிபுகா நிறம் அடைந்திருக்க வேண்டும். இட்லிக்குரிய பெருந்தீ இதற்கு ஏற்றதன்று. வட்டிலப்பம் செய்து பழகியவர்களுக்கு இம்முறை புதிதன்று.

உணவுப் பாதுகாப்பு

முட்டையில் சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரி இருக்கக்கூடும். முட்டைக் கலவையின் நடுப்பகுதி 71 பாகை செல்சியசை எட்டினால் இது அழிந்துவிடும். அயல்நாட்டுச் சமையல் நூல்கள் மஞ்சள்கருவை ஒழுகும் நிலையில் விடுமாறு கூறுவதுண்டு. சிறு குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோருக்கு அந்நிலையில் பரிமாறாமல் முழுமையாக வேகவைத்தே கொடுக்க வேண்டும். வேகாத முட்டையில் செய்யும் மயோனெய்சும் இவர்களுக்கு ஏற்றதன்று.

* சமைத்த முட்டை உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்திற்கு மேல் வைக்கக்கூடாது. வெப்பம் 32 பாகையைத் தாண்டும்போது இக்காலம் 1 மணி நேரமாகக் குறைகிறது. செங்கல்பட்டுப் பகுதியின் கோடைக்காலப் பகல்களுக்கு இக்குறுகிய அளவே பொருந்தும்.
* விரிசல் விட்ட முட்டைகளைத் தவிர்க்க வேண்டும்.
* முட்டையைக் கழுவிச் சேமித்தால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் நீங்கிவிடும். எனவே தேவைப்படின் சமைக்கும் முன்னர் மட்டும் கழுவலாம்.
* நாள்பட நாள்பட முட்டையின் காற்றறை பெரிதாகிறது. ஆதலால் புதிய முட்டை நீரில் அமிழும். பழைய முட்டை மிதக்கும். இச்சோதனை முட்டையின் வயதையே காட்டும், நுண்ணுயிரி இல்லை என்பதைக் காட்டாது.
* முட்டை, இறால் ஆகிய இரண்டும் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. விருந்தினருக்குப் பரிமாறும் முன்னர் இதனைக் கேட்டறிதல் நல்லது.