ஹெலிகாப்டர் நீரில் விழுந்தால் உயிர் தப்பும் முறை

கடல், அணை, வெள்ளம் என எந்த நீர்ப்பரப்பிலாவது இறங்க நேர்ந்த அல்லது விழுந்துவிட்ட ஹெலிகாப்டரின் உள்ளிருந்து வெளியேறி, மீட்புப் படகு வரும்வரை தாக்குப்பிடிப்பதற்கான முறைகளின் தொகுப்பு. விமானி தன் கட்டுப்பாட்டில் நீரில் இறக்குவது ஒரு வகை, கட்டுப்பாடிழந்து மோதுவது இன்னொரு வகை. மோதலில் பிழைத்தவர்கள் பின்னர் உள்ளேயே மூழ்கி இறப்பது இரண்டிலும் நடந்திருக்கிறது. பயிற்சி முழுவதும் இதைத் தடுப்பதற்காகவே அமைந்தது.

கவிழ்வது ஏன்

எஞ்சின், கியர்பாக்ஸ், சுழலி ஆகிய கனமான பாகங்களெல்லாம் ஹெலிகாப்டரின் தலைப்பகுதியில் இருக்கின்றன. எனவே நீரைத் தொட்டதும் அது பக்கவாட்டில் சாய்ந்து தலைகீழாகப் புரளப் பார்க்கும். அவசரகால மிதவைகள் பெரும்பாலும் அடிப்பகுதியில் இருப்பதால், அலையில் கவிழ்ந்த பிறகு அவையே வண்டியைத் தலைகீழாக மிதக்க வைத்துவிடும். அறை நீருக்குள், சக்கரங்கள் வானத்தை நோக்கி. மேல்பகுதியிலும் மிதவை வைத்து, ஒருக்களித்த நிலையில் நிறுத்தி உள்ளே சிறிது காற்றிடம் விட்டுவைக்கலாம் என்ற யோசனை நெடுநாளாகப் பேசப்பட்டு வருகிறது.

வட கடலில் எதிரி குளிர். கடுங்குளிர் நீர் உடலில் பட்டதும் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும். நிமிடக்கணக்கில் மூச்சடக்கக்கூடியவராலும் சில நொடிகளே தாங்க முடியும். அரபிக்கடலிலும் வங்கக் கடலிலும் நீர் வெதுவெதுப்பானது. இங்கே ஆளைக் கொல்வது திசைக்குழப்பம். தலைகீழாகத் தொங்குகிறோம், மூக்கில் நீர் ஏறுகிறது, எரிபொருள் கண்ணை எரிக்கிறது. இடது கைப்பக்கம் இருந்த சன்னல் இப்போது எங்கே?

வெளியேறும் முறை

மேலே கேட்ட கேள்விக்கு விடையை விழும் முன்பே கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கை சன்னலின் விளிம்பில் அல்லது அதற்கு வழிகாட்டும் இருக்கைச் சட்டத்தில், மற்றது பெல்ட் கொக்கியில். உடல் எப்படிப் புரண்டாலும் இருக்கையில் கட்டுண்டிருக்கும்வரை சன்னல் இருக்கும் பக்கம் மாறாது. பெல்ட்டை முதலில் கழற்றியவர் உள்ளே மிதந்து, திசை கெட்டு, கூரை என நினைத்துத் தரையைத் துழாவுவார். அதனால்தான் பெல்ட் கடைசியில்.

நீர் நெஞ்சளவு ஏறும்போது ஒரு மூச்சு இழுத்து அடக்கி, ஆட்டமும் நீர்ப்பாய்ச்சலும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பயிற்சியில் பலருக்கும் மிகக் கடினமானது இந்தச் சும்மா இருக்கும் பகுதிதான். பிறகு சன்னலின் மூலையை முழங்கையால் இடித்துத் தள்ள வேண்டும். பெல்ட் பிடித்திருந்தால்தான் அந்த இடிக்கு விசை கிடைக்கும். விளிம்பைப் பற்றியபடியே பெல்ட்டை விடுவித்து, கையால் உடலை இழுத்து வெளியே வர வேண்டும். காலை உதைத்து நீந்தினால் பின்னால் வருபவரின் முகத்தில் படும்.

உயிர்காப்பு மேலங்கியை உள்ளேயே ஊதிவிடக் கூடாது. ஊதிய மேலங்கி ஆளை மேலே அழுத்தி நிறுத்திவிடும், சன்னல் வழியாகக் குனிந்து நுழைய முடியாது. 1996 நவம்பர் 23 அன்று கொமொரோஸ் தீவருகே கடலில் இறங்கிய எத்தியோப்பிய விமானத்தில் பலர் இப்படித்தான் இறந்தார்கள். சில நாடுகளில் பயணிகளுக்குச் சிறு அவசர மூச்சுக்கருவியும் தருகிறார்கள். அழுத்தக் காற்றுக் குப்பியாக இருந்தால் மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. நீரழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் காற்று விரிந்து கிழித்துவிடும்.

கொக்கி எளிதில் கழலாவிட்டால் எதுவும் பயனில்லை. 2018 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில் கதவில்லாத சுற்றுலா ஹெலிகாப்டர் ஒன்று இறங்கிக் கவிழ்ந்தது. விமானி தப்பினார். கூடுதல் கச்சையால் பிணைக்கப்பட்டிருந்த பயணிகள் 5 பேரும் மூழ்கினர். சன்னலின் அளவும் அப்படித்தான். 2013 ஆகஸ்ட் 23 அன்று ஷெட்லாந்தின் சம்பரோ அருகே 18 பேரில் 4 பேர் இறந்த ஹெலிகாப்டர் விபத்துக்குப் பின், தோள் அகலம் 22 அங்குலத்தைத் தாண்டியவரைப் பெரிய சன்னலோரம் மட்டுமே உட்கார வைக்க வேண்டும் என்று பிரிட்டனில் விதி வந்தது. கேட்கச் சிரிப்பு வரலாம். ஆனால் சன்னலில் சிக்கிய ஒருவர் பின்னால் இருப்பவருக்கும் வழியடைப்பார்.

இந்தியாவிலும் இலங்கையிலும்

மும்பை ஹை எண்ணெய் வயலுக்கு ஆட்கள் ஹெலிகாப்டரில்தான் ரிக் எனும் துரப்பண மேடைக்குப் போய் வருகிறார்கள். 2003 ஆகஸ்ட் 11 அன்று எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் ஊழியர்களுடன் கடலில் விழுந்த எம்ஐ-172 ஹெலிகாப்டரில் இருந்த 29 பேரில் 27 பேர் மாண்டனர். 2022 ஜூன் 28 அன்று சாகர் கிரண் ரிக் அருகே பவன் ஹன்ஸ் நிறுவனத்தின் எஸ்-76டி ஹெலிகாப்டர் கடலில் இறங்கியபோது 9 பேரில் 5 பேர் மீட்கப்பட்டனர். 2023 மார்ச் 8 அன்று மும்பைக் கரையோரம் விசை குறைந்த கடற்படையின் த்ருவ் ஹெலிகாப்டரை விமானி கட்டுப்பாட்டுடன் நீரில் இறக்கினார்; அதிலிருந்த மூவரும் தப்பினர். நன்னீர் என்பதற்காக ஆபத்து குறைந்துவிடாது: 2021 ஆகஸ்ட் 3 அன்று பஞ்சாபின் ரஞ்சித் சாகர் அணையில் விழுந்த ராணுவ ஹெலிகாப்டரின் இரண்டாவது விமானியின் உடல் 75 நாள் கழித்தே கிடைத்தது. இலங்கையின் மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் 2025 மே 9 அன்று விழுந்த பெல் 212 ஹெலிகாப்டரில் இருந்த 12 பேரில் 6 பேர் இறந்தனர்.

பயிற்சிக்குக் கொச்சியில் கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா தளத்தில் நீர்ப் பிழைப்பு மையம் உண்டு. கோவாவில் ஓஎன்ஜிசியின் மையம் 2024 பிப்ரவரி 6 அன்று திறக்கப்பட்டது. போலி ஹெலிகாப்டர் அறையில் ஆட்களைக் கட்டி உட்காரவைத்து, பளுதூக்கியால் குளத்தில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். பக்கத்தில் முக்குளிப்போர் காவல் நிற்பார்கள். எண்ணெய்த் துறையின் பன்னாட்டுச் சான்றிதழ் 4 ஆண்டுக்கே செல்லும்.

இந்தப் பயிற்சி கடல்மேல் பிழைப்போருக்கானது. கோவை அருகிலுள்ள சூலூர் விமானப்படைத் தளம் கடலிலிருந்து வெகுதூரம். ஆனால் அதன் ஹெலிகாப்டர்கள் 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்தின்மேல் பறந்து மக்களை ஏற்றிவந்தன. அப்படி ஏற்றப்படும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் சன்னல் எது, கொக்கி எது என்று சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. வெள்ளப் பணியிலும் நீரில் இறங்க வேண்டி வருவதுண்டு. 2024 அக்டோபர் 2 அன்று பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்தில் நிவாரணப் பொருள் போட்டுவந்த விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்று வெள்ளநீரில் இறங்கியது. ஆழம் குறைவு, வண்டி கவிழவில்லை. அதில் இருந்தோர் அனைவரும் பிழைத்தனர்.