எட்டில் ஐந்து பங்கு

பால் பைக்கற் நிரப்பும் இயந்திரத்தருகே இரவு வேலை செய்பவன் நான்; முன்னர் வரலாறு படிப்பித்தவன். சென்ற மாதம் இடைவேளையில் உடன் வேலை செய்யும் நண்பர், "கலப்பினத்தாலதான் நாட்டு மாடு அழிஞ்சது" என்றார். வகுப்பறையில் நின்ற காலத்தில் நான் நேரெதிராகச் சொன்னவன்: காலனியப் பண்ணைகள் விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தன, பால் பெருகியது என்று. இரண்டுமே அரைகுறை என்றுதான் இப்போது படுகிறது.

1889 பெப்ரவரி 1ஆம் திகதி அலகாபாத்தில் முதலாவது இராணுவப் பால்பண்ணை தொடங்கியது. நோக்கம் பிரித்தானியப் படையினருக்குச் சுத்தமான பால். ஊர் விவசாயி அந்தக் கணக்கிலேயே இல்லை. பிறகு அயர்ஷயர், பிரீசியன் காளைகள் வந்தன. அவற்றோடு கலக்கப்பட்ட உள்ளூர் இனங்களுள் முக்கியமானது சாகிவால்.

சாகிவால், இன்று பாகிஸ்தானில் உள்ள மொண்ட்கொமரி மாவட்டத்தின் வறண்ட வெளிகளில் மேய்ப்பர்கள் வளர்த்த மாடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால்வாய்ப் பாசனம் வந்து மேய்ச்சல் தரை வயலானது, மந்தைகள் சுருங்கின. ஊர்களில் கலப்புக் காளை பரவுவதற்கு வெகுமுன்னரே நடந்தது இது. நண்பர் குற்றஞ்சாட்டும் காளை அப்போது அங்கே இல்லை.

என் பிழை வேறு. கூடுதலாகக் கறக்கும் மாடு கூடுதலாகத் தின்ன வேண்டும். தின்பதைச் செரிப்பதிலும் பால் சுரப்பதிலும் உடற்சூடு ஏறும். வெக்கை கூடினால் அது தீனியைக் குறைக்கும், பாலும் குறையும். சாகிவாலுக்கு உடற்சூடு குறைவு, வியர்வை அதிகம். வறண்ட காற்றில் வியர்வை சட்டென்று உலர்வது ஒரு வசதிதான், ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும். பாலிலும் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தானே.

பாதிக்குப் பாதி கலந்த முதற் தலைமுறையில் கலப்பு வீரியம் முழுமையாக நிற்கிறது. அவற்றைத் தமக்குள்ளேயே இணைத்தால் அடுத்த தலைமுறையில் அது பாதியாகிறது. மறுபடி ஐரோப்பியக் காளைக்கே விட்டு முக்காற் பங்காக்கினாலும் அதே பாதிதான். உணவு விவசாய நிறுவனம் 1987இல் வெளியிட்ட கன்னிங்ஹாம், சைர்ஸ்டாட் ஆகியோரின் ஆய்வு வெப்ப நாடுகளின் தரவுகளைத் தொகுத்து இதையே காட்டியது: ஐரோப்பிய இரத்தம் பாதியாகும்வரை பால் ஏறுகிறது, அதற்கப்பால் நிச்சயமான ஏற்றமில்லை, இரண்டாம் தலைமுறையில் இறங்குகிறது. நான் வகுப்பில் அடுக்கிய உதாரணங்கள் யாவும் முதற் தலைமுறை மாடுகள். அவற்றின் கன்றுகளைப் பற்றி எந்த மாணவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

1985இல் இராணுவப் பண்ணைகளும் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 'பிரீஸ்வால்' என்ற இனத்தை உருவாக்கப் புறப்பட்டன. எட்டில் ஐந்து பங்கு பிரீசியன், மூன்று பங்கு சாகிவால். 300 நாட் கறவையில் 4,000 கிலோ பால் இலக்கு. பசும்புல்லும் அடர்தீவனமும் கொட்டகையும் மருத்துவரும் உள்ள பண்ணைக்குரிய இலக்கு அது. வைக்கோலும் குட்டைத் தண்ணீரும் மட்டும் உள்ளவனுடைய முற்றத்தில் இந்த எட்டில் ஐந்து பங்கு பெரும்பாலும் கடனாகத்தான் முடியும்.

2021 மார்ச் 31இல் இராணுவப் பண்ணைகள் கலைக்கப்பட்டன. மாடுகள் பெயரளவு விலைக்கு அரச துறைகளுக்கும் பால் கூட்டுறவுகளுக்கும் கைமாறின.

இவ்வளவையும் சொன்ன பிறகும் நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. இனம் சுத்தமாயிருந்தால் மற்றதெல்லாம் தானே வரும் என்கிறார். மறுப்பை எழுதி இதே இதழுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.