கண்ணாடியில் போட்ட வேலி

ஃப்ரீ ஃபயர் விளையாடேக்க இடது பெருவிரல் எவ்வளவு தூரம் வழுக்கிப் போனாலும், திரையில் இருக்கும் குமிழ் வட்டத்தின் விளிம்பிலேயே நிண்டுவிடும். நாங்கள் அதைக் கவனிக்கிறதே இல்லை. குமிழைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னக் கணக்கு. முந்தி இந்த வேலையைப் பிளாஸ்டிக் செய்தது.

1980இல் நாம்கோ வெளியிட்ட பக்மனின் ஜொய்ஸ்டிக் நாலு பக்கம் மட்டும்தான் அசையும். அந்த விளையாட்டு முழுக்க ஒழுங்கைகள். சரிவாகப் போக வழியே இல்லாதபோது தடிக்கு ஏன் அந்தச் சுதந்திரம்? 1996இல் வந்த நிண்டெண்டோ 64இல் தடியைச் சுற்றி எண்கோண விளிம்பு இருந்தது. எந்த மூலையில் முட்டுகிறோம் எண்டது பார்க்காமலே பெருவிரலுக்கு விளங்கும்.

2007இல் ஐபோன் வந்தது. அடுத்த வருடம் அப் ஸ்ரோரும் திறந்தது. தடியும் இல்லை, விளிம்பும் இல்லை, வெறும் கண்ணாடி. இனி எல்லையை எழுதித்தான் ஆகவேண்டும்.

முதலில் மனதில் வரும் வழி, இடம்-வலத்துக்கு ஒரு எல்லை, மேல்-கீழுக்கு இன்னொரு எல்லை. ஆனா அப்படிச் செய்தால் கிடைப்பது சதுரம். சதுரத்தின் மூலை நடுவிலிருந்து 1.41 மடங்கு தூரம். அதாவது சரிவாக ஓடுகிறவன் மற்றவனைவிட 41 வீதம் வேகமாக ஓடுவான்! இந்தக் கோளாறு போனுக்கு முந்தியது. 1993இல் வந்த டூமில் முன்னுக்கும் பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் ஓடினால் வேகம் கூடும்; விளையாடுகிறவர்கள் அதை ஒரு வித்தையாகவே பழகிக்கொண்டார்கள்.

வட்டம் வேணுமெண்டா ஓ.எல்லில் படித்த பைதகரசிடம் போகவேண்டும். ஆரை 50 எண்டு வைப்போம். விரல் வலப்பக்கம் 60, மேலே 80இல் நிற்குது. தூரம் 100, ஆரையின் இரட்டிப்பு. இரண்டையும் பாதியாக்கினால் 30, 40. குமிழ் சரியாக விளிம்பில் வந்து நிற்கும், திசையும் மாறாது. யூனிட்டியில் இது ஒரே வரி.

இதில் அடைக்கவேண்டியது குமிழை மட்டும்தான், விரலை அல்ல. வட்டத்துக்கு வெளியே போன விரலை நிரல் கைவிட்டால், சண்டை நடுவில் எங்கட ஆள் சிலை மாதிரி நிண்டுவிடுவான். அதனால் விரல் எங்கே போனாலும் அது எடுபடும் வரைக்கும் பின்தொடரவேண்டும்.

அப்பவும் ஒரு குறை மிச்சம். கண்ணாடி விரலைத் திருப்பித் தள்ளாது. குமிழ் விளிம்பில் நிற்பது கண்ணுக்குத்தான் தெரியும், கண்ணோ எதிரியில இருக்கும். விரல் தன்பாட்டில 200 தூரம் போய்விட்டால், எதிர்ப்பக்கம் திரும்ப அந்த 200ஐயும் திரும்பி வரவேண்டும். அதற்குள் கதை முடிஞ்சிடும். சில விளையாட்டுகளில் விரல் எல்லை தாண்டினால் முழு வட்டமுமே அதன் பின்னால் இழுபட்டு வருவது இதனால்தான்.