கேசட் ஓடியது, கார்டு நின்றது



எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். மாசி மகத்துக்கு எங்கள் பூவராக சுவாமி கோயில் உற்சவர் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படுவார். கிள்ளை தைக்காலில் முஸ்லிம் மக்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வார்கள். சில வருடங்களுக்கு முன் அதைப் படமெடுக்கப் பேரன் புதுக் கேமராவோடு வந்தான். மரியாதை தொடங்கும் நேரம் பார்த்து ரெக்கார்டிங் நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினான், சில விநாடியில் மறுபடி நின்றது. கேமராவில் குறையில்லை. என் பழைய கேமராவிலிருந்து நான் கழற்றிக் கொடுத்த கார்டுதான் காரணம்.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. 1995-ல் மினி டிவி கேசட் வந்தது (தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம்). படத்துக்கு விநாடிக்கு 25 மெகாபிட் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். டேப்பும் அதற்கேற்ற வேகத்தில் ஓடியது. கடையில் ‘60 நிமிடமா?’ என்று கேட்போமே தவிர, வேகத்தை யார் கேட்டோம்?

1999-ல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து எஸ்டி கார்டை அறிவித்தன. போட்டோவுக்கு அது அருமையான சாமான். எழுத நாலு விநாடி ஆனாலும் போட்டோ காத்திருக்கும். வீடியோ காத்திருக்காது. வங்கியில் காசாளர் எண்ணுவதைவிட வேகமாக ஆட்கள் உள்ளே வந்தால் ஹால் நிரம்பி, கடைசியில் வாசலில் நிறுத்திவிடுவோம் இல்லையா? கேமராவும் அதைத்தான் செய்கிறது.

2006-ல் சோனியும் பானசோனிக்கும் ஏவிசிஎச்டி முறையைக் கொண்டுவந்தன. விநாடிக்கு 24 மெகாபிட் வரை. 8 பிட் ஒரு பைட். எட்டால் வகுத்தால் 3 மெகாபைட். அதே வருடம் எஸ்டிஎச்சி கார்டுகளில் கிளாஸ் 2, 4, 6 என்ற முத்திரை வந்தது. கிளாஸ் 4 என்றால் விநாடிக்கு 4 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் என்ற உத்தரவாதம். ஆக, அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. என் கார்டும் கிளாஸ் 4-தான். பேரன் வைத்திருந்த 4கே அமைப்போ 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட். எப்படித் தாங்கும்? 2016-ல் வந்த வி30 முத்திரை 30 மெகாபைட்டுக்கு உறுதி தருகிறது. கார்டின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது பெரும்பாலும் படிக்கும் வேகம், எழுதும் வேகம் அல்ல.

இதே வகுத்தல் கணக்கை நம் கேட் கேமராவுக்கும் போட்டுப் பார்த்தேன். சைக்கிள் காணாமல் போய் ஐந்தாம் நாள் பதிவைத் தேடினோம். இல்லை. வாட்ச்மேன் அழித்திருப்பார் என்று நம்மில் சிலர் பேசினோம், நானும் தலையாட்டினேன். அந்தக் கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் எழுதுகிறது. ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. உள்ளே இருப்பது 64 ஜிபி கார்டு. மூன்று நாள்கூட முழுதாக வராது. அதன்பின் பழையதை அழித்து அதன்மேல் எழுதும். வாட்ச்மேன் தொடவே தேவையில்லை. அவரிடம் இதைச் சொல்லிவிட்டேன்.

30 நாள் பதிவுக்கு 648 ஜிபி வேண்டும். 1 டிபி ஹார்டு டிஸ்க் உள்ள ரெக்கார்டருக்கு அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறேன். விலைப்புள்ளிகளோடு வருவேன்.