உம்ராவுக்குச் சிறுகச் சேர்ப்பது: கடனும் வட்டியும் இல்லாமல்

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் நிற்கும்போது, சில ஆண்டுகளாக ஒரே கேள்வி நம்மிடம் திரும்பத் திரும்ப வருகிறது. "ஹஜ்ரத், வீட்டு நகையை பேங்கில் வைத்து உம்ராவுக்குப் போகலாமா?" கேட்பவர் ஆட்டோ ஓட்டுபவராக இருப்பார், அல்லது ஜவுளிக்கடையில் மாதச் சம்பளத்துக்கு நிற்பவராக இருப்பார். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மௌத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது கஅபாவைக் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு அவர் முகத்தில் தெரியும்.

அந்தத் தவிப்பை நாம் லேசாக எண்ணவில்லை. ஆனாலும் பதில், கூடாது என்பதுதான். பேங்கில் நகையை வைத்தால் வட்டி கட்ட வேண்டும். வட்டி கட்டித் தன் வீட்டுக்கு வரும்படி அல்லாஹ் யாரையும் கேட்கவில்லை. அப்படியானால் வருமானம் குறைந்தவருக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

யார் மீது கடமை?

ஆல இம்ரான் அத்தியாயத்தின் 97ஆம் வசனம் ஹஜ்ஜைக் கடமையாக்கும்போதே, அங்கு சென்றுவரச் சக்தி பெற்றவர் என்ற நிபந்தனையையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தச் சக்தி எது என்பதை ஃபிக்ஹு நூல்கள் விரித்துப் பேசுகின்றன. வாங்கிய கடன் போக, குடியிருக்கும் வீடு போக, திரும்பி வரும்வரை மனைவி மக்களுக்கு ஆகும் செலவு போக, கையில் மிஞ்சுவதுதான் கணக்கு. உம்ராவைப் பொறுத்தவரை ஷாஃபிஈ மத்ஹபில் ஆயுளில் ஒருமுறை கடமை. ஹனஃபி மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத். எந்த மத்ஹபாக இருந்தாலும் சக்தி இல்லாதவர் போகாமல் இருப்பதில் குற்றம் இல்லை. இதை அம்மாவிடம் பிள்ளைகள் எடுத்துச் சொன்னாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று கடன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம். அந்நாளில் யமன் மக்கள் ஹஜ்ஜுக்கு வரும்போது வழிச்செலவுக்கு எதுவும் எடுத்து வரமாட்டார்கள். நாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். மக்காவுக்கு வந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். பயணத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அல்பகராவின் 197ஆம் வசனம் இதையொட்டித்தான் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் உள்ளது. காசு சேர்ப்பது தவக்குலுக்கு எதிரானது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஆயிரம் நாள் கணக்கு

ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் உம்ரா கட்டணம் மாறும். கணக்குக்காக ஒருவருக்கு 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 100 ரூபாய் எடுத்து வைத்தால் 1,000 நாள் ஆகும். அதாவது 2 வருடம் 9 மாதம். 50 ரூபாய்தான் முடியும் என்றால் ஐந்தரை வருடம். அதற்குள் விலை ஏறியிருக்கும் என்பதால் இலக்கை 1,20,000 என்று வைத்துக்கொள்வது நல்லது. தினக்கூலி வாங்குகிறவர்கள் மாதக் கடைசியில் மொத்தமாக எடுத்து வைக்கலாம் என்று இருந்தால் நடக்காது. அன்றன்று எடுத்து வைப்பதுதான் நிற்கிறது.

பாஸ்போர்ட்டை முதல் வருடத்திலேயே எடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். அவசரத்துக்குத் தட்கல் என்று போனால் 3,500. இந்த 2,000 ரூபாய் சோம்பலுக்குக் கொடுக்கும் விலை. பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 வருடத்துக்குச் செல்லும் என்பதால் முன்கூட்டியே எடுப்பதில் நஷ்டம் இல்லை. ஆதாரில் முகமது, பான் கார்டில் மொஹம்மத், ரேஷன் கார்டில் முகம்மது என்று நம் பெயர்கள் ஆளுக்கொரு விதமாகக் கிடக்கின்றன. அதைச் சரிசெய்யவே சில மாதம் போய்விடும்.

பணத்தை எங்கே வைப்பது?

இதில்தான் நம் குடும்பங்கள் அதிகமாகத் தடுமாறுகின்றன. தபால் நிலைய ஆர்.டி.யில் மாதம் 100 ரூபாய்கூடப் போடலாம், பணமும் பத்திரம். ஆனால் அதில் வரும் கூடுதல் தொகை வட்டி. ஆகவே அது நமக்கு ஆகாது. சாதாரணச் சேமிப்புக் கணக்கில் வைப்பதானால், தானாக வந்து சேரும் வட்டியைத் தனியாகக் கணக்கிட்டு, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதை டிக்கெட் பணத்தோடு சேர்க்கக் கூடாது.

நகைக்கடைச் சீட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். 11 மாதம் கட்டினால் 12ஆம் மாதத் தவணையைக் கடை போடும் என்பது போன்ற திட்டங்கள். கடை நம்மிடம் முன்பணமாக வாங்கிப் புழங்கிய தொகைக்குத் தரும் இந்தக் கூடுதலை விலைத் தள்ளுபடி என்று கருதுவோரும் உண்டு, கடன் மீது பெறும் லாபம் என்று கருதுவோரும் உண்டு. பேணுதலுக்கு நாம் வேண்டாம் என்றே சொல்கிறோம். மார்க்கத்தை விட்டுப் பார்த்தாலும் பயணத்துக்கு அது தோதானதல்ல. முடிவில் கைக்கு வருவது நகை. அதை விற்றுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும், விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் போய்விடும்.

ஏலச்சீட்டு கூடாது. அவசரக்காரர் தொகையைத் தள்ளி எடுக்க, அந்தத் தள்ளுபடியை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வது வட்டியேதான். ஆனால் நம் பெண்கள் போடும் சாதாரண மாதச் சீட்டு வேறு. பத்துப் பேர் மாதம் 5,000 போட்டு, மாதம் ஒருவர் 50,000 எடுத்து, எல்லோரும் போட்ட அளவே எடுத்தால் அதில் யாருக்கும் கூடுதல் இல்லை. இது புதிதாக வந்த வழக்கமும் அல்ல. பெண்கள் வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை பணம் போட்டு முறை வைத்து எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை 17ஆம் நூற்றாண்டு எகிப்தின் ஷாஃபிஈ அறிஞர் கல்யூபி (ரஹ்) தமது ஹாஷியாவில் குறிப்பிட்டு, இது கூடும் என்று தமக்கு முந்திய வலிய்யுல் இராக்கீ (ரஹ்) சொன்னதையும் எழுதியிருக்கிறார்கள். கெய்ரோ வீடுகளில் நடந்ததைத்தான் நம் கடற்கரை ஊர்களின் பெண்களும் முற்றத்தில் உட்கார்ந்து செய்துவருகிறார்கள். ஒன்று மட்டும்: தெரிந்தவர்களாகவே சேருங்கள், யார் எந்த மாதம் எடுத்தார் என்பதை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம் (2:282).

இப்போது உம்ரா குலுக்கல் என்று ஒன்று பரவியிருக்கிறது. மாதாமாதம் ஒரு தொகை கட்ட வேண்டும், மாதம் ஒரு பெயர் எடுப்பார்கள், பெயர் வந்தவர் உம்ராவுக்குப் போகலாம், மீதித் தவணையைக் கட்ட வேண்டியதில்லை. முதல் மாதமே பெயர் வந்தவர் ஒரே தவணையில் போகிறார். கடைசி ஆள் முழுத் தொகையும் கட்டுகிறார். ஒருவரின் அதிர்ஷ்டத்துக்கு மற்றவரின் பணம் போவது சூதாட்டம். அதற்கு இஹ்ராம் துணி போர்த்தினாலும் அது சூதாட்டம்தான். குலுக்கலில் யார் முதலில் போவது என்ற வரிசையை மட்டும் முடிவு செய்து, எல்லோரும் முழுத் தொகையும் கட்டுவதாக இருந்தால் அந்தத் தடை இல்லை. அப்போதும் நடத்துகிறவர் பாதியில் கடையைப் பூட்டிவிட்டுப் போனால் என்ன செய்வது என்ற கேள்வி நிற்கிறது. வருடக்கணக்கில் கட்டிய பணம் போய், அழுதுகொண்டு நம்மிடம் வந்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறோம். புறப்படும் தேதி கைக்கு வராமல் பெரிய தொகையை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

மலேசியாவில் வாழும் நம்மவர்களுக்குத் தபுங் ஹாஜி பழக்கமான பெயர். ஹஜ்ஜுக்காக அங்குள்ள கிராமத்து மக்கள் நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டு, திரும்பி வந்து வறுமையில் விழுவதைப் பார்த்த பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ், வட்டியில்லாச் சேமிப்பு அமைப்பு ஒன்றை 1959இல் முன்மொழிந்தார். 1963இல் அது செயலுக்கு வந்தது. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. ஹஜ் மானியமும் 2018இல் நின்றுவிட்டது. ஆனால் பைத்துல்மால் ஒழுங்காக நடக்கும் மஹல்லாக்களில், ஏழைகளின் பயணச் சேமிப்பை அமானத்தாக வாங்கி, ரசீது கொடுத்து, இருவர் கையெழுத்தில் தனிக் கணக்காக வைப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. நிர்வாகிகள் யோசிக்கட்டும்.

எதில் குறைக்கலாம், எதில் கூடாது

ரமளானில் செய்யும் உம்ராவின் சிறப்பு ஹதீஸில் வந்திருப்பது உண்மை. அந்த மாதத்தில், குறிப்பாகக் கடைசிப் பத்தில், கட்டணம் உச்சத்துக்குப் போவதும் உண்மை. பள்ளிக்கூட விடுமுறையிலும் ஏறும். முதல் உம்ராவுக்கு அந்த நாட்களை விட்டுவிடலாம். ஹஜ் முடிந்து விசா மறுபடி திறந்தபின் முஹர்ரம், ஸஃபர் மாதங்களில் பொதுவாகக் கூட்டம் குறைவு. ஸஃபர் பீடை மாதம் என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்த நம்பிக்கை அது. உண்மையான தடை வெயில்தான். இந்த மாதங்கள் இப்போது கோடையில் வருவதால் 40 டிகிரியைத் தாண்டும். முதியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தங்குமிடத்தில் இளைஞர்கள் சிக்கனம் பார்க்கலாம். மிஸ்ஃபலாவின் உள்தெருக்களில் தங்கி நடந்து வரலாம். மூட்டுவலியுள்ள தாயை அழைத்துப் போகிறவர் அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. ஐந்து வேளையும் ஏறி இறங்கி நடக்க முடியாமல் அறையிலேயே தொழுதுவிட்டுத் திரும்பும் பெரியவர்கள் உண்டு. ஹரமிலிருந்து எத்தனை மீட்டர் என்று ஏஜென்சி சொல்வதை நம்பாமல், ஹோட்டல் பெயரைக் கேட்டு, போய்வந்தவர்களிடம் விசாரியுங்கள். தாய்க்கு அருகில் ஓர் அறை கிடைப்பதற்காக இன்னும் ஆறு மாதம் கூடுதலாகச் சேர்த்தாலும் தகும்.

மதீனாவில் செலவில்லாத பாக்கியங்கள் நிறைய. குபா பள்ளிவாசல் மஸ்ஜிதுந் நபவியிலிருந்து ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர்தான். நபி (ஸல்) அவர்கள் சனிக்கிழமைகளில் நடந்தும் வாகனத்திலும் அங்கு சென்றிருக்கிறார்கள். நடக்க முடிந்தவர் நடக்கலாம்.

ஏஜென்சிக்குப் பணம் கட்டும்போது டி.சி.எஸ். என்ற பெயரில் வருமான வரித்துறைக்காக ஒரு தொகை பிடிப்பார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து ரசீது கேட்டு வாங்குங்கள். ஏழைகள் பலர் இதை அறியாமல் விட்டுவிடுகிறார்கள்.

நம்மவர்களின் பயணச் செலவைக் கூட்டுவது பெரும்பாலும் விமானம் அல்ல, விருந்து. போகும் முன் சொந்தபந்தம் அழைத்துப் பிரியாணி, விமான நிலையத்துக்கு இரண்டு வேன், மாலை, திரும்பி வந்தபின் வீடு வீடாகப் பேரீச்சம்பழம், தஸ்பீஹ், முஸல்லா. இந்தச் செலவில் இன்னொருவரை உம்ராவுக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லும் அளவுக்குச் சில ஊர்களில் போய்விட்டது. கொடுக்காவிட்டால் பேசுவார்களே என்கிறார்கள். பேசட்டும். பக்கத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டு, துஆ செய்யச் சொல்லி, ஒரு டம்ளர் ஜம்ஜம் கொடுத்தால் போதும்.

சேர்த்த பணத்துக்கும் ஜகாத் உண்டு

உம்ராவுக்கு என்று ஒதுக்கிய பணத்துக்கு ஜகாத் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கையிருப்பு நிஸாபை, ஹனஃபி கணக்கில் ஏறக்குறைய 612 கிராம் வெள்ளியின் விலையை, எட்டி ஒரு ஹிஜ்ரி ஆண்டு கடந்தால் இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும். 1,00,000 இருந்தால் 2,500. கணவன் சேர்த்ததும் மனைவி சேர்த்ததும் தனித்தனிக் கணக்கு.

சேமிப்பு நோட்டின் முதல் பக்கத்தில், பணம் யாருடையது, எங்கே இருக்கிறது, யாரிடம் கொடுத்து வைத்தது என்று எழுதி வையுங்கள். ஹஜ் கடமையான நிலையில் ஒருவர் செய்யாமல் மௌத்தாகிவிட்டால், ஷாஃபிஈ மத்ஹபில் பாகப்பிரிவினைக்கு முன்பே அவர் சொத்திலிருந்து பதலி ஹஜ்ஜுக்கு எடுத்துவிட வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அவர் வஸிய்யத் செய்திருந்தால்தான் எடுப்பது கடமை, அதுவும் மூன்றில் ஒரு பங்குக்குள். எனவே ஹனஃபிகள் அந்த வஸிய்யத்தையும் அதே பக்கத்தில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு வீட்டில் ஒருவருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும்.