டிடி நெக்ஸ்ட் லெவல்: விமர்சன வரவேற்பு

‘டிடி நெக்ஸ்ட் லெவல்’ 2025 மே 16 அன்று திரைக்கு வந்த தமிழ்ப் பேய் நகைச்சுவைப் படம். எஸ். பிரேம் ஆனந்த் எழுதி இயக்கினார், சந்தானம் நாயகன். நடிகர் ஆர்யாவின் தி ஷோ பீப்பிள் நிறுவனமும் நிகாரிகா என்டர்டெயின்மென்ட்டும் சேர்ந்து தயாரித்தன. இசை ஆஃப்ரோ. பேய்ப் படங்களில் பார்த்துப் பார்த்து அலுத்த சங்கதிகளையெல்லாம் கிண்டலடிக்கும் இந்தப் படத்தின் நாயகன் ஒரு யூடியூப் விமர்சகன். அவனைப் பிடித்து ஆட்டும் பேய், விமர்சனங்களால் காயப்பட்ட ஓர் இயக்குநரின் ஆவி. படத்துக்கு மதிப்பெண் போட உட்கார்ந்தவர்களே படத்தின் கேலிக்கும் ஆளானதால், இதற்குக் கிடைத்த விமர்சன வரவேற்பைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், யோசனைக்குப் பாராட்டும் திரைக்கதைக்குக் குறையுமாகக் கலவையான வரவேற்பே கிடைத்தது. முந்தைய படமான ‘டிடி ரிட்டர்ன்ஸ்’ பெற்ற நல்ல பெயரை இது எட்டவில்லை.

பின்புலம்

தமிழில் நையாண்டிக்கு ஒரு வீட்டு முகவரி உண்டென்றால் அது விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’. வெற்றிபெற்ற படங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் நாயக ஆர்ப்பாட்டத்தையும் அழுகாச்சிக் காட்சிகளையும் அரைமணி நேரத்தில் சந்தி சிரிக்க வைத்த அந்த நிகழ்ச்சியை இயக்கியவர் ராம்பாலா. அதில் பெயர் வாங்கிய சந்தானம் 2004இல் ‘மன்மதன்’ மூலம் வெள்ளித்திரையில் கவனம் பெற்றார். முழுநீள நையாண்டிப் படம் என்ற வகையைச் சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப் படம்’ 2010இல் திரையரங்குக்குக் கொண்டுவந்தது.

அதே காலத்தில் பேய்ப் படமும் தமிழில் சிரிப்புப் படமாக உருமாறிக்கொண்டிருந்தது. ‘சந்திரமுகி’ (2005) வழிவிட, ராகவா லாரன்ஸின் ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) ஆகியவை ஒரு வாய்ப்பாட்டை உறுதிசெய்தன. முதல் பாதியில் பயந்தாங்கொள்ளி நாயகன், பிற்பாதியில் அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் கண்ணீர்க் கதை, கடைசியில் ஆவி புகுந்த நாயகனின் பழிவாங்கல். 2014இல் ‘யாமிருக்க பயமே’, ‘அரண்மனை’, மறு ஆண்டு ‘டார்லிங்’, ‘காஞ்சனா 2’ என்று வரிசையாக வந்ததில் வாய்ப்பாடு எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. மனப்பாடமான ஒன்றைத்தான் நையாண்டி செய்ய முடியும். ராம்பாலா இயக்கத்தில் சந்தானம் நடித்த ‘தில்லுக்கு துட்டு’ 2016 ஜூலை 7 அன்று வந்தபோது அதற்கான நேரம் கனிந்திருந்தது.

அந்தப் படத்தில் மகளின் காதலனைத் தீர்த்துக்கட்ட நினைக்கும் தந்தை, ஒரு ரவுடியைப் பிடித்து மலைமேல் பங்களாவில் போலிப் பேய்களை ஏற்பாடு செய்கிறார். அந்த ரவுடியாக நடித்தவர் மொட்டை ராஜேந்திரன். பங்களாவிலோ நிஜப் பேயும் இருக்கிறது. எது கூலிக்கு வந்த பேய், எது குடியிருக்கும் பேய் என்று தெரியாமல் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடும் அந்தப் பிற்பாதிதான் படத்தைக் கரைசேர்த்தது. ‘காஞ்சனா’ வகைப் படங்கள் ஆவியின் பூர்வகதைக்காக நம்மிடம் கண்ணீர் கேட்கும். இந்த வரிசை அதைக் கேட்பதில்லை. இங்கே பேய் என்பது தொல்லை தரும் இன்னொரு வீட்டுக்காரர், அவ்வளவுதான். பேய்மேல் இரக்கம் கொள்ள மறுக்கும் இந்தத் துணிச்சல்தான் சந்தானம் படவரிசையை மற்றப் பேய் நகைச்சுவைப் படங்களிலிருந்து பிரிக்கும் கோடு.

2019 பிப்ரவரியில் இரண்டாம் பாகம் கேரள மாந்திரீகத்தைக் கேலிசெய்தது. அதே வரிசையில் அடுத்து 2023 ஜூலை 28 அன்று, பிரேம் ஆனந்தின் முதல் படமாக ‘டிடி ரிட்டர்ன்ஸ்’ வெளியானது. புதுச்சேரியில் பாழடைந்த பங்களா. அதில் உயிரோடு இருந்தபோது சூதாட்டம் நடத்திய பேய்க்குடும்பம். உள்ளே நுழைந்தவர் விளையாடி ஜெயித்தால் வெளியே போகலாம், தோற்றால் உயிர் போகும். அந்த ஆண்டின் நல்ல சிரிப்புப் படங்களில் ஒன்றாக அதை விமர்சகர்களும் ரசிகர்களும் ஒருங்கே ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த படத்தின்மீது எதிர்பார்ப்பு ஏறியது அதனால்தான்.

கதையும் கேலியும்

கிஸ்ஸா 47 என்ற பெயரில் படங்களைக் கிழித்துத் தொங்கவிடும் விமர்சகனுக்கு ஒரு சிறப்புக் காட்சிக்கு அழைப்பு வருகிறது. அழைத்தவர் ஹிட்ச்காக் இருதயராஜ் என்ற ஆவி இயக்குநர். தன் திரையரங்குக்கு விமர்சகர்களை வரவழைத்துப் பலிவாங்குவது அவர் தொழில். கிஸ்ஸாவின் குடும்பம் திரைக்குள் இழுக்கப்பட்டு ஒரு பேய்ப் படத்தின் பாத்திரங்களாகிவிட, அவர்களை மீட்க அவனும் உள்ளே போக வேண்டியதாகிறது. சொகுசுக் கப்பலில் முகமூடிக் கொலைகாரன், தீவில் பங்களா என்று ஹாலிவுட் பேய்ப் படங்களின் வழக்கமான இடங்களெல்லாம் வந்துபோகின்றன. அடுத்து என்ன நடக்கும் என்று விமர்சகனுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் தப்பிக்க முடியாது என்பதுதான் கேலியின் அச்சு.

விமர்சகனைப் பழிவாங்கும் இந்தக் கருவுக்கு உலகத் திரையில் மூத்தோர் உண்டு. 1973இல் வந்த ‘தியேட்டர் ஆஃப் பிளட்’ படத்தில் வின்சென்ட் பிரைஸ், தன்னை இகழ்ந்த விமர்சகர்களை ஷேக்ஸ்பியர் நாடகக் கொலைகளின் பாணியில் ஒவ்வொருவராகக் கொல்லும் நடிகராக வருவார். இந்தியில் ஆர். பால்கியின் ‘சுப்’ (2022) இதே பழிவாங்கலைச் சிரிப்பில்லாமல் சொன்னது; துல்கர் சல்மான் நடித்தார். இரண்டிலும் விமர்சகன் இரை. ‘டிடி நெக்ஸ்ட் லெவல்’ அவனை நாயகனாக்கியது. கருவளவில் இது பெரிய மாற்றம். விமர்சகர்கள் பலர் மனமுவந்து பாராட்டியதும் இந்தக் கருவைத்தான்.

பாராட்டும் குறையும்

அதிகம் பேசப்பட்டது நடிகர் தேர்வு. ஆவி இயக்குநராக வந்தவர் செல்வராகவன். அவருடைய ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 பொங்கலுக்கு வந்தபோது கலவையான விமர்சனமே பெற்றது; பல ஆண்டுகள் கழித்துத்தான் அது கொண்டாடப்படும் படமானது. விமர்சனத்தால் புண்பட்ட படைப்பாளி வேடத்தை அவரிடம் கொடுத்தபோது, வசனம் சொல்லாத ஒரு கனம் அந்த வேடத்துக்குத் தானாகவே வந்து சேர்ந்தது. ஆனால் திரைக்கதை அந்தக் கனத்தைப் பயன்படுத்தவே இல்லை. இருதயராஜ் ஏன் படம் எடுத்தார், அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று ஒரே ஒரு காட்சி இருந்திருந்தால், மோதல் இருவருக்கு நடுவிலான வழக்காக உயர்ந்திருக்கும். அது இல்லாததால் அவர் மிரட்டும் குரலாகவே நின்றுபோகிறார்.

கௌதம் வாசுதேவ் மேனன் கதை வேறு. ராகவன் என்ற அதிகாரியாக வந்து, தன் படங்களின் காவல்துறை நாயகர்களையும் காதல் பாடல்களையும் தானே கேலி செய்துகொண்டார். அவர் இயக்கிய ‘காக்க காக்க’ படத்தின் பாடல் ஒன்று கேலிக்குள்ளாகும் இடத்தில் அரங்கம் சிரித்தது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. தன் பாணியைத் தானே கிண்டலடிக்க முன்வந்த பெருந்தன்மைக்காகவே அந்தப் பகுதி நினைவில் நிற்கும். உருவாக்கத் தரமும் கப்பல், பங்களா அரங்குகளும் பாராட்டுப் பெற்றன.

குறைகளில் முதலாவது, சிரிப்பு இடைவெளி விட்டு விட்டு வருவது. இரண்டாவது, ஆட்டத்தின் விதி. இந்தப் படம் சறுக்கியதற்கு முதன்மைக் காரணம் இந்த விதிதான். ‘டிடி ரிட்டர்ன்ஸ்’ பங்களாவில் எந்தச் சுற்றில் என்ன செய்தால் பிழைக்கலாம் என்று பார்வையாளருக்குத் தெரியும். அதனால் பாத்திரங்கள் சொதப்பும் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வெடிக்கும். ‘நெக்ஸ்ட் லெவ’லிலோ திரைக்குள் போனவர் எப்படித் தப்பலாம், யார் எப்போது பழைய ஆளாக மாறுவார் என்பதெல்லாம் காட்சிக்குக் காட்சி மாறுகின்றன. விதி தெரியாத ஆட்டத்தில் யார் தோற்றாலும் சிரிப்பு வராது. ஹாலிவுட் இயக்குநர் மெல் புரூக்ஸ் ‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ (1974) என்ற நையாண்டிப் படத்தை எடுத்தபோது, கறுப்பு வெள்ளையிலேயே படமாக்கி, 1931ஆம் ஆண்டு ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் வந்த ஆய்வுக்கூடக் கருவிகளையே தேடிப்பிடித்து அரங்கில் வைத்தார். கேலி செய்யப்படும் வடிவத்தை முதலில் ஒழுங்காகக் கட்டி நிறுத்திவிட வேண்டும் என்ற அக்கறை அது. 2023 படத்தில் பிரேம் ஆனந்துக்கு இந்த அக்கறை இருந்தது.

மூன்றாவது குறை பழையது. உடல்தோற்றத்தை வைத்து அடிக்கும் நக்கல் சந்தானம் படங்களின் மீது நெடுநாளாக இருந்துவரும் புகார். அந்தப் பாணி தொடர்கிறவரை புகாரும் தொடரும், தொடரவும் வேண்டும்.

வெளியீட்டுக்கு முன் எழுந்த சர்ச்சை விமர்சனத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. கிஸ்ஸா பாடலில் திருப்பதி ஏழுமலையானின் கோவிந்த நாமத்தைக் கையாண்டதற்கு எதிர்ப்பு கிளம்பி, அந்தப் பகுதி நீக்கப்பட்டது.

விமர்சகன் மீதான வழக்கு

படம் வந்த நேரமும் வரவேற்பின் ஒரு பகுதி. 2024 நவம்பரில், ‘கங்குவா’ வெளியான சூட்டில், தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் திரையரங்க வளாகத்தில் யூடியூப் சேனல்கள் முதல்நாள் கருத்துக்கேட்பு நடத்த அனுமதிக்க வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. இத்தகைய விமர்சனங்களால் பாதிக்கப்பட்டவையாக ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’ படங்களையும் எடுத்துக்காட்டியது. நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் என்ற மற்றோர் அமைப்பு இன்னும் ஒரு படி போய், வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களுக்குத் தடை கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்து, அரசும் யூடியூபும் பதிலளிக்க உத்தரவிட்டது. அரையாண்டுக்குள் வந்த ‘டிடி நெக்ஸ்ட் லெவ’லை, அந்த விவாதத்துக்குத் திரையுலகம் சொன்ன பதிலாகவும் பலர் பார்த்தார்கள். பதில் என்ன என்பதில்தான் தெளிவில்லை. விமர்சகன் அளவு மீறுகிறான் என்று தொடங்கும் படம், விமர்சகனையே காப்பாற்ற வேண்டிய நாயகனாக்கி முடிகிறது. படைப்பாளியின் காயத்தையும் விமர்சகனின் உரிமையையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கவில்லை.

அந்த மூன்று நாள் கோரிக்கை யாரைப் பாதிக்கும் என்று பார்க்கச் சென்னைக்கு வெளியே போக வேண்டும். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் முதல் சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான், ஒரகடம் ராயல் என்ஃபீல்டு வரை நீளும் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் ஏ, பி, சி ஷிப்ட் என்று நாள் சுழல்கிறது. படம் வெள்ளிக்கிழமை வருகிறது. ஞாயிறு ஒருநாள் மட்டும் ஓய்வுள்ள தொழிலாளிக்கு அந்த மூன்றாம் நாள்தான் படம் பார்க்கும் நாள். கம்பெனி பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு யூடியூப் விமர்சனம் கேட்கிறவருக்கு அது பொழுதுபோக்கு மட்டுமல்ல, பூந்தமல்லிப் பக்கம் போய் டிக்கெட்டுக்கும் பாப்கார்னுக்கும் பணம் செலவழிப்பதா வேண்டாமா என்ற முடிவு. தடை வந்திருந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு டிக்கெட் வாங்கும் நிலைக்கு முதலில் தள்ளப்படுவது இவர்தான். கிஸ்ஸா 47க்குப் படம் கொடுத்திருக்க வேண்டிய நியாயம் இங்கே இருக்கிறது.

இதே பகுதியின் விடுதிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்களும் தங்கியிருக்கிறார்கள். தமிழ்ப் பேய் நகைச்சுவை அவர்களுக்கு அன்னியமில்லை. ‘காஞ்சனா’ படங்கள் இந்தி மொழிமாற்றத்தில் வடக்கே பரவலாகப் பார்க்கப்பட்டவை, முதல் ‘காஞ்சனா’ 2020இல் அக்‌ஷய் குமார் நடிக்க ‘லக்‌ஷ்மி’ என்று இந்தியிலும் எடுக்கப்பட்டது. பேய் துரத்த ஆள் ஓடுவதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். ஆனால் கௌதம் மேனன் தன்னையே கேலி செய்வதை ரசிக்க ‘காக்க காக்க’ தெரிந்திருக்க வேண்டும். ‘டிடி நெக்ஸ்ட் லெவல்’ 2025 ஜூன் 13 முதல் ஜீ5 தளத்தில் கிடைக்கிறது.